மகசூல் கணக்கும் திருவுளச் சீட்டும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியை மகசூல் விஷயத்திலும் பிரயோகிப்போர் நம்மவரில் அநேகர். பானைக்கு அது பொருந்தும். கிராமத்திற்குப் பொருந்தாது என்பது எனது அபிப்பிராயம். பானையில் ஒரே தினுசு அரிசி, ஒரே நீர், ஒரே தீ. கிராமத்திலோ தலைமடையும் கடைமடையும் ஒன்றாக விளைவதில்லை. ஆகவே பல நூறு வயல்களின் நிலையைச் சில வயல்களைக் கொண்டு அறிய வேண்டுமாயின், அச்சிலவற்றை எவ்விதம் தெரிந்தெடுப்பது என்பதே முதற் கேள்வி. இதற்கு விடை கூறும் சாஸ்திரமே புள்ளியியல்.

அதன் சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. நாம் அறிய விரும்பும் வயல்கள் அனைத்தும் சேர்ந்தது முழுமைத் தொகுதி. அவற்றுள் அறுத்துப் பார்க்க எடுத்துக்கொண்ட சில, மாதிரி. ஐந்து வயல்களில் ஐந்து மீட்டர் சதுரங்கள் அறுத்ததில் 9, 10, 11, 11, 19 கிலோ நெல் கண்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 60, ஐந்தால் வகுக்க வரும் 12 சராசரி. வரிசைப்படி நிறுத்தினால் நடுவில் நிற்கும் 11 இடைநிலை. சிறியதற்கும் பெரியதற்கும் உள்ள 10 கிலோ வித்தியாசம் வீச்சு. இங்கே ஐந்து வயல்களில் நான்கு சராசரிக்குக் கீழே இருப்பதைக் கவனியுங்கள். கிராமத்துச் சராசரியே தமக்குக் கிட்டவில்லையென்று மனம் வருந்தும் மிராசுதார், ஊரில் பத்தொன்பது கிலோக்காரர் ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.

இனி, தெரிந்தெடுக்கும் முறை. எந்த சர்வே எண், அதில் எந்த வயல் என்பதை ஒழுங்கற்ற எண்களின் அட்டவணை தீர்மானிக்கிறது. வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளத்தில் எத்தனை தூரம், அகலத்தில் எத்தனை தூரம் என்பதையும் அதுவே சொல்லும். இது நமக்குப் புதிதன்று. உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுச் சாசனங்கள், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கும்படி விதித்தன. எவருடைய விருப்பும் வெறுப்பும் நுழையாதிருத்தலே இரண்டிற்கும் நோக்கம்.

நானே இதில் ஒருமுறை தவறியவன். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், எண் காட்டிய இடம் சேறும் கோரையுமாக இருந்தது. வயலுக்குடையவர், "இது என் வயலின் லட்சணம் அல்லவே ஐயா, பத்தடி தள்ளிப் பாருங்கள்" என்றார். அவரிடத்தில் வஞ்சகம் இல்லை, எனக்கும் இல்லை. பத்தடி தள்ளி முளையடித்தேன். தராசு பொய் சொல்லவில்லை, படிவத்தில் எழுதிய இலக்கமும் பொய்யன்று. பொய் சொன்னது முளைக்குச்சியே. அக்கிராமத்தில் சேறும் கோரையுமான நிலம் எத்தனையோ இருந்தது. அது கணக்கில் ஏறாமலே போயிற்று.

பிழை இருவகைப்படும். எண் ஒரு தடவை நல்ல வயலையும் மறு தடவை இளைத்த வயலையும் காட்டுவது தற்செயற் பிழை. மாதிரியை நான்கு மடங்காக்கினால் இது பாதியாகக் குறையும். நான் செய்ததோ சாய்வுப் பிழை. எடை குறைந்த படிக்கல்லால் ஒரு முறை நிறுத்தாலும் ஆயிரம் முறை நிறுத்தாலும் குறை குறையே அல்லவா?

சாய்வு எண்ணத்தினால் மட்டும் வருவதன்று; கருவியினாலும் வரும். 1923 முதல் 1925 வரை பீகார்-ஒரிசா மாகாணத்தில் ஹபாக் என்னும் ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர், சிறிய முக்கோணச் சட்டங்களை வயலிலே வைத்து நெல் அறுத்துப் பார்த்தார். இவ்வழியில் அவர் முன்னோடி. ஆயினும் சிறு சட்டங்களில் மகசூல் மிகையாக வருகிறதென்று பி. வி. சுகாத்மே 1940களில் எடுத்துக்காட்டினார். காரணம் எளிது: ஓரத்தில் நிற்கும் தூர்களை உள்ளே சேர்த்துக்கொள்ளவே கை துணிகிறது. ஒரு மீட்டர் சதுரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஓரம் 4 மீட்டர். ஐந்து மீட்டர் சதுரத்தில் அதே பரப்புக்கு ஓரம் ஒரு மீட்டருக்கும் குறைவு.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், கிராமமே அலகாகும் முக்கியப் பயிர்களுக்கு நான்கு அறுவடைகளாவது செய்ய வேண்டும். சதுரத்தின் பரப்பு 25 சதுர மீட்டர். ஆதலால் அங்கே ஒரு கிலோ, ஹெக்டேருக்கு 400 கிலோ. நான்கில் ஒரே ஒரு சதுரத்தில் நான்கு கிலோ கூடினால், சராசரியில் ஒரு கிலோ கூடி, ஊர் மகசூல் 400 கிலோ உயர்ந்துவிடும். உத்தரவாத மகசூல் 4,000 கிலோவாயின், நஷ்டப்பட்ட ஊரார் அனைவரும் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்குப் பத்து இழப்பர். பத்தடி நகர்ந்த ஒரு முளையினால்!

எதிர்ப்புறமாகச் சாய்க்க விரும்புவோரும் உண்டு. மோசமான வயலையே அறுக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். உத்தரவாத மகசூல் என்பது முந்திய ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியைக் கொண்டு நிர்ணயிக்கப்படுவது. பொய்யாகக் குறைந்த ஆண்டுகள் அடிக்கடி சேர்ந்தால் அந்த மட்டமே தாழும். மெய்யான பஞ்சத்தில் கைக்கு வருவது குறையும்.

எனவே நிலமுடையோரையும் கிராம நிர்வாக அலுவலர்களையும் நான் கேட்டுக்கொள்வது: அறுவடை நாளில் வயலுக்கு வாருங்கள். ஒழுங்கற்ற எண்கள் எழுதிய தாளைக் காட்டும்படி கேளுங்கள். தென்மேற்கு மூலை எதுவென்று பாருங்கள். நாடாவின் மறுமுனையை நீங்களே பிடியுங்கள். முளை எங்கே விழுந்தாலும், அங்கே கோரையே நின்றாலும், அதைப் பிடுங்கி நகர்த்த எவரையும், என்னையும்கூட, விடாதீர்கள்.