கியர்பாக்ஸை இறக்குவது வேறு, பிரிப்பது வேறு

1993-இல் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநராக வேலையில் சேர்ந்தது பெரிய செய்தி. இன்று ஒரு பெண் கார் ஓட்டிப் போனால் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் அந்தக் கார் பழுதாகட்டும், நிலைமை மாறிவிடுகிறது. பட்டறையில் முதல் கேள்வி, "சார் வரலையா மேடம்?" வண்டி அவள் பெயரில் இருக்கும். மாதத் தவணை அவள் சம்பளத்தில் போகும். ஆனாலும் என்ன பழுது என்பதை மட்டும் அவளிடம் சொல்ல மாட்டார்கள். ஓட்டும் உரிமை கிடைத்துவிட்டது, வண்டியைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை இன்னும் வரவில்லை என்கிறேன்.

இதில் அதிகம் பயமுறுத்தப் பயன்படும் சொல் கியர்பாக்ஸ். பிரேக் என்றால் நமக்குப் புரியும், டயர் கண்ணுக்குத் தெரியும். கியர்பாக்ஸ் மூடிய பெட்டி. "கியர்பாக்ஸ் போயிடுச்சு மேடம்" என்று ஒருவர் சொன்னால் எதிர்க்கேள்வி எழாது. எனக்கும் அப்படிச் சொன்னார்கள். கிளட்சை மிதித்தால் கரகரவென்று சத்தம் வந்தது, அவ்வளவுதான். இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்டார்கள். "மிதிக்கும்போது மட்டும்தானே சத்தம்? அப்படியென்றால் ரிலீஸ் பேரிங்தானே?" என்றேன். சிறிது மௌனம். பிறகு தொகை பாதிக்கும் கீழே வந்தது.

அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் மேதைமை எதுவும் இல்லை. கிளட்ச், என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது. கிளட்ச் பிளேட்டையோ ரிலீஸ் பேரிங்கையோ மாற்ற, பெரும்பாலான கார்களில் கியர்பாக்ஸைக் கீழே இறக்கித்தான் ஆகவேண்டும். இறக்குவது உண்மை, பிரிப்பது வேறு வேலை. "கியர்பாக்ஸ் இறக்கணும்" என்பதை "கியர்பாக்ஸ் போச்சு" என்று நம்மைப் புரிந்துகொள்ள வைப்பதில்தான் பணம் இருக்கிறது.

எனவே பட்டறைக்குப் போகும் முன் நீங்களே பார்க்கக்கூடியவற்றைச் சொல்கிறேன். மேட்டில் உயர்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் என்ஜின் உறுமுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லையா? கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. என்ஜினை அணைத்தால் கியர் எளிதாக விழுகிறது, ஓடும்போது மட்டும் மறுக்கிறதா? கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிளையோ கிளட்ச் ஆயிலையோ முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அணைத்த பிறகும் மறுத்தால், கியர் கம்பியிலிருந்து பெட்டிவரை போகும் இணைப்புகளைப் பார்த்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும்.

பெரிய வேலைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய அறிகுறிகளும் உண்டு. நியூட்ரலில், கிளட்சிலிருந்து காலை எடுத்திருக்கும்போது சத்தம் வந்து, மிதித்ததும் அடங்கினால், பெட்டிக்குள் இருக்கும் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். கிளட்சை முழுதாக மிதித்தும் ஒரே ஒரு கியருக்கு மாற்றும்போது மட்டும் பல் அரைபடுகிறது என்றால், அந்தக் கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கும். போட்ட கியர் ஓட்டத்தில் தானாக நியூட்ரலுக்கு வந்து விழுந்தால், தள்ளிப்போடாதீர்கள். என்ஜின் மவுன்ட்டும் இணைப்புகளும் சரியாக இருந்தால் கோளாறு உள்ளேதான். கியர் ஆயிலை வடித்தால் காந்தத்தில் மை போன்ற நுண்துகள் ஒட்டியிருப்பது இயல்பு. கையில் குத்தும் உலோகச் சில்லுகள் இயல்பல்ல.

ஆட்டோமேட்டிக் வண்டியில் 'டி'யில் போட்டு வெகுநேரம் கழித்து இழுப்பதும், ஆயில் கருத்துக் கருகிய வாடை அடிப்பதும் கெட்ட அறிகுறிகள். ஆனால் இங்கே விற்கும் பல சிறிய கார்களில் இருப்பது ஏ.எம்.டி. உள்ளே சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் இயக்க ஒரு கருவி கூடுதலாக இருக்கிறது. அந்தக் கருவியையும் சென்சாரையும் சோதிக்காமல் பெட்டியைக் குற்றம் சொன்னால் நம்பாதீர்கள்.

"ஆண்களையும்தான் ஏமாற்றுகிறார்கள், இதில் பெண்ணியம் எங்கே வந்தது?" என்று கேட்பார்கள். அமெரிக்காவில் மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் 2013-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பட்டறைகளுக்குத் தொலைபேசியில் ரேடியேட்டர் மாற்ற விலை கேட்கச் செய்தார்கள். விலை பற்றி எதுவும் தெரியாது என்றபோது பெண்களுக்குச் சராசரியாக 406 டாலர், ஆண்களுக்கு 383 டாலர். சந்தை விலையைத் தெரிந்தவர்களாகப் பேசியபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது. தெரியாத ஆணைவிடத் தெரியாத பெண் அதிகம் கொடுக்கிறாள், தெரிந்துவிட்டால் இருவரும் ஒன்று.

மெக்கானிக்குகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பட்டறையில் இருக்கும் பலர் பள்ளியைப் பாதியில் விட்டு, அடி வாங்கி, பார்த்துப் பார்த்துத் தொழில் கற்ற பையன்கள். என் கோபம் வீட்டின் மேல். உராய்வும் முறுக்குவிசையும் பதினோராம் வகுப்பு இயற்பியலில் நூறு மதிப்பெண்ணுக்கு நாம் எழுதியவைதான். பானெட்டைத் திறந்ததும் அப்பா அண்ணனைக் கூப்பிட்டார், நம்மை டீ போட அனுப்பினார். பிறகு, "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றார். புரியாமல் இருப்பது நம் இயல்பு அல்ல, நமக்குக் கொடுக்கப்பட்ட வளர்ப்பு. "கூட ஒரு ஆம்பளையைக் கூட்டிட்டுப் போ" என்ற அறிவுரையும் அதே வளர்ப்பின் தொடர்ச்சிதான். கணவரைப் பிரிந்தவளும், தனியாக வாழ்பவளும், டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவளும் யாரைக் கூட்டிப் போவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போனார். வழியில் பழுதுகளைத் தானே சரிசெய்தார். மேடுகளில் வண்டியைத் தள்ள வேண்டியிருந்ததால், ஏற்றத்துக்கு இன்னொரு கியர் வேண்டும் என்று திரும்பி வந்து சொன்னார். அது சேர்க்கப்பட்டது. ஆக, "பொம்பளைக்கு கியரைப் பத்தி என்ன தெரியும்" என்று கேட்பவர் கார் ஓட்டும் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு பெண் சொன்ன யோசனையைத்தான் பயன்படுத்துகிறார்.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கூலி தனியாக, உதிரிபாகம் தனியாக மதிப்பீடு வாங்குங்கள். பெட்டியைப் பிரிப்பதென்றால் உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். "சார் வரலையா?" என்று கேட்டால், "வண்டி என்னுது, என்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.