பிள்ளைகளுக்கு எதை மறைப்பது?

பிள்ளைகளுக்கென்று நூல் எழுதுவோர்பால் நம்மவரிடையே ஓர் இளக்காரம் உண்டு. காக்கையையும் நரியையும் பேசவிட்டு, கடைசியில் ஒரு நீதியைத் தொங்கவிடுவதற்குப் பெரும்புலமை எதற்கு என்பது அன்னோர் எண்ணம். அவ்விளக்காரத்தோடு இரட்டையாய்ப் பிறந்த கொள்கை ஒன்றும் உண்டு. பிள்ளைகள் கையில் கொடுக்கும் நூலில் இனிப்பானவை மட்டுமே இருத்தல் வேண்டும், முன்னோர் பட்ட அடியும் அவமானமும் அவர்கள் காதில் விழலாகாது என்பதே அது. இவ்விரண்டையும் மறுக்க நாம் வாதம் தேடி அலைய வேண்டுவதில்லை. மில்ட்ரெட் டெய்லர் என்னும் அமெரிக்க அம்மையாரின் எழுத்து வாழ்க்கையே போதும்.

1943-ம் வருஷம், மிஸ்ஸிஸிப்பி மாநிலத்து ஜாக்ஸன் நகரில், கறுப்பினக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கைக்குழந்தையாய் இருக்கும்போதே குடும்பத்தார் வடக்கே ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகருக்குக் குடிபெயர்ந்தனர். ஆயினும் தெற்கேயுள்ள உறவினரைக் காணச் செல்வது நிற்கவில்லை. அங்கே தந்தையாரும் மற்றைய பெரியோரும் சொன்ன குடும்பக் கதைகளே அவருக்கு முதற்பாடம். பள்ளிக்கூடத்து வரலாற்று ஏடோ வேறு கதை சொல்லிற்று. அதில் அவர் முன்னோர் வாய் திறவாது அடிமைத்தனத்தைச் சுமந்தவர்கள். பிறர் விடுவிக்க விடுதலை பெற்றவர்கள். வீட்டில் கேட்டதற்கும் ஏட்டில் கண்டதற்கும் இடையே கிடந்த அந்தப் பள்ளத்தைத் தூர்ப்பதே அவரது வாழ்நாள் வேலையாயிற்று.

எத்தியோப்பியாவில் இரண்டு வருஷம் உபாத்தியாயராய் இருந்து, கொலராடோ பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்து, பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பகலில் பிழைப்புக்கு ஒரு வேலையும் இரவில் எழுத்துமாகக் காலங்கழித்தார். (பேரேட்டில் குனிந்தே பகலைத் தொலைக்கும் எம்மனைய கிராணிமார் இதைக் கவனிப்பார்களாக.) போட்டியொன்றில் பரிசு பெற்ற அவரது கதை 1975-ல் நூலாயிற்று. அடுத்த வருஷம் ‘ரோல் ஆப் தண்டர், ஹியர் மை கிரை’ வெளிவந்து, 1977-ல் நியூபெரிப் பதக்கத்தைப் பெற்றது. இப்பதக்கம் 1922 முதல் வழங்கப்பட்டு வருவது. கறுப்பினத்தாருள் முதன்முதல் அதைப் பெற்றவர் வர்ஜீனியா ஹாமில்டன் அம்மையார், அதுவும் 1975-ல்தான். அரை நூற்றாண்டுக்கு மேலாக அவ்வினத்தில் தகுதியுள்ளோர் ஒருவருமே இல்லையோ? கேட்பது நாம், விடை வாசகர்களுடையது.

அந்நூலிலிருந்து ஒரு நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக் காட்டுவோம். காலம் 1933, இடம் மிஸ்ஸிஸிப்பி. பருத்தி வயலில் பாடுபடும் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அவ்வருஷம் அவர்களுக்குப் பாடநூல்கள் வந்திருப்பதாக உபாத்தியாயினி பெருமையோடு அறிவிக்கிறாள். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் ஆவலோடு தன் நூலைத் திறக்கிறான். அட்டையின் உட்புறத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது: எந்த வருஷம் கொடுக்கப்பட்டது, நூலின் நிலை என்ன, பெற்ற பிள்ளையின் இனம் யாது என்று பத்தி பத்தியாய்க் கோடு கிழித்த பட்டியல். பதினொரு வரிகளில் வெள்ளையர் பிள்ளைகள். நூல் புதியதாயிருந்து, நல்லதாகி, நைந்து, கிழிந்து, ‘மிக மோசம்’ என்னும் நிலைக்கு வந்தபின் பன்னிரண்டாவது வரியில் இவர்கள் முறை வருகிறது. இனம் என்ற பத்தியில் ஓர் இழிசொல். சிறுவன் நூலைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். அவன் தமக்கை காஸி அந்த வரியைச் சுட்டிக் காட்டியும் உபாத்தியாயினிக்கு உறைக்கவில்லை. அவளும் அதே இனத்தவள்தான்! பிள்ளைகள் இருவருக்கும் பிரம்படி கிடைக்கிறது. நாள்தோறும் பத்தி பத்தியாய்ப் பெயர் எழுதிப் பிழைக்கும் நமக்கு, ஒரு பத்தியின் தலைப்பு மனிதனை என்ன செய்யும் என்பதை இவ்வளவு சுருக்கமாய் வேறெவரும் சொன்னதாக நினைவில்லை.

அதே பள்ளியில் அப்பிள்ளைகளின் தாயும் உபாத்தியாயினி. செய்தியறிந்த அவள் தாளை வெட்டிப் பசை தடவி அந்தப் பட்டியலின்மேல் ஒட்டி மறைக்கிறாள். பின்னர், பாடநூல் சொல்லாத அடிமை முறையின் வரலாற்றைத் தன் வகுப்பில் வாய்மொழியாய்க் கற்பிக்கிறாள். வேலை போகிறது. இழிசொல்லை மறைத்தாள், வரலாற்றைத் திறந்தாள். இந்த வேறுபாட்டைத்தான் நம் இனிப்புக் கட்சியார் அறிகிலர். அவர்கள் வரலாற்றின்மேல் தாளை ஒட்டிவிட்டு, இழிசொல்லைப் பிள்ளையின் நெற்றியில் இருந்தபடியே விட்டுவிடுகின்றனர்.

அமெரிக்காவிலும் இக்கட்சியார்க்குக் குறைவில்லை. 2002-ல் அந்நாட்டு நூலகச் சங்கம் தொகுத்த, மிகுதியான ஆட்சேபணைக்குள்ளான பத்து நூல்களின் பட்டியலில் இந்நூலும் இருந்தது. 2020-ல் கலிபோர்னியா மாநிலத்து பர்பாங்க் நகரின் பள்ளி நிர்வாகத்தினர், வகுப்பில் கட்டாயமாய்ப் படிக்கும் நூல்களினின்று இதையும் வேறு சிலவற்றையும் நீக்கினர். அங்கே எழுந்த முறையீட்டை நாம் அற்பமென்று தள்ள மாட்டோம். வெள்ளை மாணவன் ஒருவன் கறுப்பினச் சிறுமியை அந்த இழிசொல்லால் ஏசிவிட்டு, இந்நூலில் கற்றேன் என்றானாம். பெற்ற மனம் கொதிப்பது இயல்பே. ஆனால் அந்தச் சொல்லுக்காக ஒரு சிறுவன் தன் நூலையே மிதிக்கும் கதையைப் படித்த ஒருவன், சொல்லை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனான் என்றால், அவனுக்கு நூல் கற்பிக்கப்படவே இல்லை என்பதன்றோ பொருள்? அம்மையாரும் பெற்றோரின் இவ்வருத்தத்தை அறியாதவர் அல்லர். 2001-ல் வந்த ‘தி லாண்ட்’ என்னும் நூலின் முகப்பில் அதை எடுத்துப் பேசி, ஆயினும் நடந்ததைப் பூசி மெழுக உடன்படேன் என்று எழுதியிருக்கிறார். அடிமைத் தாய்க்கும் வெள்ளை எசமானனுக்கும் பிறந்தவன் தனக்கென ஒரு நிலம் தேடும் கதை அது. அம்மையாரின் கொள்ளுப்பாட்டனார் வாழ்வைத் தழுவியது.

நம் தோட்டங்களிலும் இப்பேச்சு உண்டு. பாட்டன் கூலியாய்க் கப்பலேறி வந்ததைப் பேரனிடம் சொல்லாதீர், பிள்ளை மனம் கூசும் என்று பட்டணத்திலிருந்து வந்து புத்தி சொல்கின்றனர். ஐயா, கூலி என்ற சொல்லைப் பேரன் தெருவில் முன்னமே கேட்டுவிட்டான். அவன் கேளாதது, பாட்டன் காடு வெட்டிய கதையும், லயத்து அறையில் பிள்ளைகளை வளர்த்த கதையுமே.

டெய்லர் அம்மையார் எழுதியவை ஏறக்குறைய நாற்பத்தைந்து வருஷத்தில் பத்தே நூல்கள். அவற்றுள் ஒன்பது, லோகன் என்னும் ஒரே குடும்பத்தைப் பற்றியவை. கொரெட்டா ஸ்காட் கிங் பரிசு நான்கு முறை வந்தது. 2003-ல் சிறுவர் இலக்கியத்துக்கென ஏற்பட்ட நியூஸ்டாட் பரிசு முதன்முதல் அவருக்கே வழங்கப்பட்டது. பர்பாங்க் நிர்வாகத்தினர் நூலை நீக்கிய அதே 2020-ல் பத்தாவது நூல் வெளிவந்தது. பிரம்படி வாங்கிய காஸி அதில் சட்டம் பயின்று வழக்கறிஞராகித் தன் மக்களின் வாக்குரிமைக்காக மிஸ்ஸிஸிப்பிக்கே திரும்பி வருகிறாள்.