போன் இருக்க இது எதற்கு?

எமது புவியியல் மன்றத்தில் இரண்டு தவணைகளாக ஒரு பேச்சு இழுபட்டுக்கொண்டிருக்கிறது. மன்றப் பணத்தில் கையடக்க ஜீ.பி.எஸ். கருவிகள் இரண்டு வாங்க வேண்டும் என்பது எங்களில் சிலரது கோரிக்கை. எல்லோர் வீட்டிலும் போன் இருக்கும்போது காசை வீணாக்குவதா என்பது மற்றவர்களின் கேள்வி. வீட்டில் நானாவும் இதையே கேட்டார்: "போன்ல எல்லாம் ஈக்கே, இது என்னத்துக்கு?" நான் வாங்க வேண்டும் என்ற பக்கம். ஏன் என்பதையும், வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

நாங்கள் விரும்புவது ஜியோகேஷிங். ஒளித்து வைத்த பெட்டி ஒன்றை அதன் அகலாங்கு, நெட்டாங்கைக் கொண்டு தேடிப் பிடிக்கும் விளையாட்டு அது. பொதுமக்களுக்கான ஜீ.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு முன்பு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. இடம் 100 மீற்றர் அளவுக்குத் தவறும். 2000 மே 2ஆம் திகதி அது நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் மரங்களுக்கிடையே ஒரு வாளியை வைத்து அதன் ஆள்கூறுகளை இணையத்தில் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் உள்ளேயிருக்கும் கொப்பியில் பெயரெழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு.

கட்டாரிலிருந்து வந்த மாமா தாம் பாவித்த கார்மின் ஈட்ரெக்ஸ் 10 கருவியை எனக்குத் தந்தார். மஞ்சளும் கறுப்புமாக உள்ளங்கைக்குள் அடங்குவது. டிசம்பர் விடுமுறையில் மாவனல்லையில் உம்மம்மாவின் தோட்டத்தில் நானும் சாச்சியின் பிள்ளைகளும் சாப்பாட்டுப் பெட்டிகளை ஒளித்து விளையாடினோம். ஆள்கூறுகளைப் பாகை, கலை, கலையில் மூன்று தசமதானம் என்று எழுதுவது வழக்கம். கடைசித் தசமதானத்தில் ஒன்று பிசகினால் தரையில் 2 மீற்றர்கூட வராது. சாச்சியின் மகளோ முதலாம் தசமதானத்தில் 2ஐ 3 என்று எழுதிவிட்டாள். 185 மீற்றர் தள்ளிப்போய் அடுத்த வீட்டாரின் வயலுக்குள் நின்றோம். வகுப்பில் எத்தனை தடவை எழுதியும் மனதில் நிற்காத பாடம், சேறு பட்டதும் நின்றுவிட்டது.

நியாயமாகச் சொன்னால், வெட்டவெளியில் நானாவின் போன்தான் முந்தியது. ஆனால் மழை தூறத் தொடங்கியதும் அதன் தொடுதிரை ஈரத்தில் விரலை மதிக்கவில்லை. பற்றரியும் இறங்கிவிட்டது. மாமாவின் கருவிக்குப் பொத்தான்கள்தான். ஒரு மீற்றர் நீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் தாங்கும் என்று வகைப்படுத்தப்பட்டது. கடையில் வாங்கும் ஏஏ பற்றரி இரண்டு போட்டால் 20 மணித்தியாலம் அளவில் ஓடும். ஆகவே வாங்குவதானால் வர்ணத் திரையையும் பெரிய வரைபடத்தையும் கண்டு மயங்காமல் பொத்தான், பற்றரி, நீர்காப்பு மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

ஈட்ரெக்ஸ் 10இல் ஒரு குறையும் உண்டு. அதற்குள் திசைகாட்டி இல்லை. நாம் நடக்கும்போது இடம் மாறுவதை வைத்தே அம்புக்குறி திசையைச் சொல்கிறது. பெட்டிக்குக் கிட்டப் போய்ப் பலா மரத்தடியில் நின்று பார்த்தால் அம்புக்குறி பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றும். பத்தடி பின்னால் போய் மறுபடி நடந்து வர வேண்டும். மன்றத்துக்கு வாங்கும்போது திசைகாட்டி உள்ளதாகப் பார்த்து, அதற்காகச் சற்று அதிகம் கொடுக்கலாம். விலை சாதாரண போன் ஒன்றின் விலைக்குக் கிட்ட வரும் என்பதை நான் மறைக்கவில்லை. இரண்டு கருவிகளை நூலகத்தில் புத்தகம்போல் இரவல் கொடுத்தால் பல வருட மாணவிகள் பாவிப்பார்கள்.

அமைப்புகளைத் துழாவியபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். கருவியிலுள்ள நீண்ட பட்டியலில் 'கண்டவல' என்ற பெயர் இருந்தது! நீர்கொழும்புக்கு அருகிலுள்ள இடம் அது. நாம் செயன்முறைப் பாடத்தில் விரிக்கும் 1:50,000 இடவிளக்கப் படங்கள் அதை ஆதாரமாகக் கொண்டு வரையப்பட்டவை. ஜீ.பி.எஸ். கருவியோ உலகப் பொது ஆதாரத்தைப் பின்பற்றுகிறது. இதை மாற்றாமல் படத்தையும் கருவியையும் ஒப்பிட்டால் 200 மீற்றருக்கு மேல் பிழைக்கும். உயர்தரப் பரீட்சைக்கு ஜீ.பி.எஸ். பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதுகிறோம். எங்கள் வகுப்பில் இந்தக் கருவியைத் தொட்டுப் பார்த்தவர்கள் மூன்று பேர்.

இனிப் பெற்றோருக்கு. பாடசாலைக்குப் போன் கொண்டுவர எமக்கு அனுமதியில்லை. வெளியே போகும்போதும் மகளின் கையில் போன் கொடுக்க உங்களில் பலருக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதனால் எங்களது களப்பயணம் பஸ் ஜன்னலோடு முடிந்துவிடுகிறது. இந்தக் கருவியில் சிம் இல்லை, கமெரா இல்லை. செய்மதிகளிலிருந்து வரும் சமிக்ஞையைப் பெறுமே தவிர யாருக்கும் எதையும் அனுப்பாது. "அப்ப ஒங்கள நாங்க எப்படித் தேடுற?" என்று உம்மா கேட்டார். நல்ல கேள்விதான். அதற்கு ஆசிரியையின் கையில் ஒரு போன் இருந்தால் போதும், நாற்பது தேவையில்லை.

உம்மாவின் இன்னொரு பயம் இதைவிடப் பெரியது. 2019க்குப் பிறகு இந்த நாட்டில் பர்தா அணிந்த பிள்ளைகள் பாலத்தடியில் குனிந்து பெட்டி தேடினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? கேட்பாரற்ற பொதியைக் கண்டால் அறிவியுங்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே பொது இடத்தில் ஒளிப்பதை நானும் ஆதரிக்கவில்லை. உரிமையாளர் சம்மதித்த தோட்டத்தில் மட்டும், உள்ளே இருப்பது தெரியும் பெட்டியில், மூன்று மொழியிலும் பெயரெழுதி வைக்கலாம். மூடியும் இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டெங்கு பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்தான் அதை முதலில் கண்டுபிடிப்பார்.

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு மாமாவின் கருவியைக் கொண்டு வருகிறேன். கல்லூரி வளவுக்குள்ளேயே ஒரு பெட்டியும் இருக்கும், அதிபரின் அனுமதியோடு. போன் போதும் என்பவர்களும் வந்து தேடிப் பார்த்துவிட்டு வாக்களியுங்கள். பற்றரி இரண்டை மட்டும் யாராவது கொண்டு வாருங்கள். என்னுடையதை நானா தன் டோர்ச்சுக்குப் போட்டுவிட்டார்.