பொடுகு ஷாம்பு பாக்கெட்டில் என்ன இருக்கிறது? ஐரோப்பா நிறுத்தியதும், நம் லேபிள் சொல்லாததும்

முசிறி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பெட்டிக்கடைகளில் ஊறுகாய்க்கும் காபித்தூளுக்கும் நடுவில் ஷாம்பு சரங்கள் தொங்கும். அதில் பொடுகுக்கு என்று கேட்டு வாங்கும் பாக்கெட்டில் இருப்பது வெறும் நுரை மட்டும் இல்லை. தலையில் வளரும் பூஞ்சையை அடக்குவதற்கான ஒரு வேதிப்பொருளும் சேர்த்திருப்பார்கள். பல பிராண்டுகளில் அது ஜிங்க் பைரிதியோன். இதே பொருளை 2022 மார்ச் 1 முதல் அழகுசாதனப் பொருட்களில் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது.

இந்தத் தடைச் செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படித்துவிட்டுப் பாட்டிலைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. "இத்தனை வருஷமா போடுறோம், என்ன ஆயிடுச்சு?" என்று கடந்துபோகிறவர்களும் உண்டு. இரண்டில் எது சரி என்று முடிவெடுக்க வேண்டுமென்றால், முதலில் கையில் இருக்கும் பாக்கெட்டில் அந்தப் பொருள் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதை அச்சிட வேண்டிய கட்டாயமே பாக்கெட்டுக்கு இல்லை என்கிறது நம் நாட்டு விதி. அந்த விதிக்கு வருவதற்கு முன், பொருளைப் பற்றிக் கொஞ்சம்.

பொடுகு எங்கிருந்து வருகிறது?

பொடுகு அழுக்கால் வருவதில்லை. அடுத்தவர் சீப்பிலிருந்தும் ஒட்டுவதில்லை (பேன் ஒட்டும், அது வேறு). மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஏறக்குறைய எல்லோர் தலையிலும் குடியிருக்கிறது. 1874-ல் இதை விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானி லூயி சார்ல் மலசேயின் பெயர்தான் அதற்கு வைக்கப்பட்டது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தை இந்தப் பூஞ்சையால் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. அதனால் தலைத்தோல் சுரக்கும் எண்ணெயை உடைத்துத் தின்கிறது. மிச்சமாகும் ஒலியிக் அமிலம் போன்றவை சிலருடைய தோலை உறுத்துகின்றன. உறுத்தல் வந்தால் தோல் செல்கள் அவசர அவசரமாக உரிகின்றன. சட்டைத் தோளில் விழும் வெள்ளைத் துகள் அதுதான். எண்ணெய்ச் சுரப்பு கூடும் பதின்ம வயதில் பொடுகு தொடங்குவதற்கும் இதுவே காரணம்.

தலை வறண்டதால்தான் பொடுகு என்று நினைத்து ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற வைப்பது நம் வீடுகளில் சகஜம். பூஞ்சையைப் பொறுத்தவரை அது பந்தி போட்ட மாதிரி. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை. பொடுகு இருக்கும் நாட்களில் எண்ணெயை மணிக்கணக்கில் தலையில் விடாமல் அலசிவிட்டால் போதும்.

ஜிங்க் பைரிதியோன் இந்தப் பூஞ்சையின் செல்லுக்குள் தாமிரத்தைக் கடத்திக் கொண்டுபோய், அது உயிர்வாழத் தேவையான இரும்பு-கந்தகப் புரதங்களைச் சிதைக்கிறது. 2011-ல் வெளியான ஆய்வில்தான் இந்த வழி தெளிவானது. ஆனால் 1961-ல் அமெரிக்காவில் ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் வந்த காலத்திலிருந்தே பொருள் புழக்கத்தில் இருக்கிறது. தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால், அலசிய பிறகும் நுண்துகள்களாகத் தலைத்தோலில் கொஞ்சம் தங்கி வேலை செய்யும். போட்ட உடனே கழுவினால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. மூன்று நிமிடமாவது விட வேண்டும். அவசரக் குளியல்காரர்கள் "இந்த ஷாம்பு சரியில்ல" என்று பிராண்ட் மாற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐரோப்பா ஏன் நிறுத்தியது?

ஷாம்பு போட்ட யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்பதால் வந்த தடை இல்லை இது. ஐரோப்பிய ரசாயன வகைப்பாட்டில் ஜிங்க் பைரிதியோன் 'இனப்பெருக்க நச்சு, வகை 1பி' என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டது. முக்கியமாக விலங்குச் சோதனைகளின் அடிப்படையில், மனிதர்களுக்கும் பாதிப்பு தரலாம் என்று கருதப்படும் பொருட்களுக்கான வகை அது. அந்தப் பட்டியலில் ஏறிய எதையும் அழகுசாதனப் பொருளில் சேர்க்கக் கூடாது என்பது அங்கே பொது விதி. விலக்கு வேண்டுமென்றால் பாதுகாப்பை நிரூபித்தால் மட்டும் போதாது, வேறு மாற்றுப் பொருள் இல்லை என்றும் காட்ட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நுகர்வோர் பாதுகாப்புக்கான ஐரோப்பிய அறிவியல் குழு 2020 மார்ச்சில் தன் கருத்தைச் சொன்னது. தலைக்குப் போட்டு அலசிவிடும் பொருட்களில் 1 சதவீதம் வரை இது பாதுகாப்பானது என்றுதான் அந்தக் கருத்து. அப்படியும் தடை வந்தது. பொடுகுக்கு வேறு பொருட்கள் சந்தையில் இருந்ததால், இது இல்லாமல் முடியாது என்ற வாதம் எடுபடவில்லை. நிறுவனங்கள் பிரோக்டோன் ஓலமைன் போன்றவற்றுக்கு மாறிக்கொண்டன. அமெரிக்காவிலோ அலசிவிடும் பொடுகு ஷாம்புவில் 0.3 முதல் 2 சதவீதம் வரை இன்றும் அனுமதி உண்டு.

கிணறு ஆபத்தானதுதான். ஆனால் சுற்றுச்சுவர் கட்டிய கிணற்றில் ஒருவர் விழுவதற்கான வாய்ப்பு தனிக் கணக்கு. ஐரோப்பிய விதி கிணறு இருக்கிறதா என்று பார்க்கிறது. அமெரிக்க விதி சுவரின் உயரத்தை அளக்கிறது. வாட்ஸ்அப் செய்தியில் இந்த வேறுபாடு வராது.

சுவர் எது என்றால், தோல். பைரிதியோன் தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. வயிற்றுக்குள் போனால் அது நச்சு. எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்த சோதனைகளில் பின்னங்கால்கள் வலுவிழந்தன. கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு தரக்கூடிய பொருள் என்றும் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. 1 சதவீதம் என்றால் 6 மில்லி பாக்கெட் ஒன்றில் சுமார் 60 மில்லிகிராம். பெரியவர் தலையில் மூன்று நிமிடம் இருந்து தண்ணீரோடு போகும்போது பயப்படத் தேவையில்லாத அளவு. அதே பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிக்கும் பழக்கம்தான் நல்லதில்லை. நம் ஊரில் கத்தரிக்கோல் தேடிப்போய் ஷாம்பு பாக்கெட் வெட்டுகிறவர் எத்தனை பேர்? பாதி மீந்த பாக்கெட்டைக் குளியலறை ஜன்னலில் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் செருகி வைப்பதும் அப்படித்தான்.

கீட்டோகோனசோல் வேறு கதை

மருந்துக் கடையில் விற்கும் பொடுகு ஷாம்புகளில் பெரும்பாலும் இருப்பது 2 சதவீத கீட்டோகோனசோல். இது மருந்து உரிமத்தின் கீழ் தயாராவது. 331 பேரிடம் நடந்து 2002-ல் வெளியான ஓர் ஒப்பீட்டில், நான்கு வாரத்தில் பொடுகின் கடுமை கீட்டோகோனசோல் போட்டவர்களிடம் 73 சதவீதமும், 1 சதவீத ஜிங்க் பைரிதியோன் போட்டவர்களிடம் 67 சதவீதமும் குறைந்தது. வித்தியாசம் உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. லேசான பொடுகுக்கு முதல் நாளே மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

இதன் நச்சுத்தன்மை பற்றிய செய்திகளில் பெரும்பாலானவை மாத்திரையைப் பற்றியவை. கீட்டோகோனசோல் மாத்திரை கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்று 2013 ஜூலையில் அமெரிக்க மருந்துத் துறை அதன் பயன்பாட்டைச் சுருக்கியது. அதே மாதம் ஐரோப்பிய மருந்து முகமை, பூஞ்சைத் தொற்றுக்கு அந்த மாத்திரையை நிறுத்தி வைக்கப் பரிந்துரைத்தது. ஷாம்புவாகப் போடும்போது இரத்தத்தில் கண்டறியும் அளவுக்குக்கூட அது சேர்வதில்லை. பெயர் ஒன்று என்பதற்காக மாத்திரையின் பழியை ஷாம்பு மேல் போடக் கூடாது. ஷாம்பு கேட்கிறதே என்று மாத்திரையையும் கேட்டு வாங்கி விழுங்குவது அதைவிடப் பெரிய தப்பு.

வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம் என்பதுதான் கீட்டோகோனசோல் ஷாம்புவின் வழக்கமான கணக்கு. அதற்குப் பிறகும் அடங்காவிட்டால், தலையில் தடித்த செதில், நீர் வடிதல், வட்டமாக முடி கொட்டுதல் இருந்தால், அது பொடுகாகவே இல்லாமல் சொரியாசிஸோ படர்தாமரையோ ஆக இருக்கலாம். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டிவிடுவது நல்லது. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதலில் குறைப்பதுபோல் காட்டும், பிறகு படர்தாமரையை இன்னும் பரப்பிவிடும்.

ஆற்றுக்குள் போவது

மனிதத் தலைக்குச் சுவர் இருக்கிறது. மீனுக்கு இல்லை. நீர்வாழ் உயிர்களுக்கு மிகக் கொடிய நச்சு என்று வகைப்படுத்தப்பட்ட பொருள் ஜிங்க் பைரிதியோன். கப்பலின் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசும் வண்ணத்தில் இதைச் சேர்ப்பதே அந்தக் குணத்துக்காகத்தான். வெயில் படும் தெளிந்த நீரில் இது விரைவாகச் சிதைந்துவிடும் என்பது ஆறுதல். வெளிச்சம் புகாத சேற்றில் அந்த ஆறுதல் குறைவு.

காவிரியின் வடகரையில் முசிறி, எதிர்க்கரையில் குளித்தலை. இரண்டு கரையிலும் படித்துறையில் இறங்கித் தலைக்குக் குளிக்கிறவர்கள் உண்டு. இங்கிருந்து கீழே முக்கொம்பு, அதற்கும் கீழே ஸ்ரீரங்கத்தின் அம்மா மண்டபம். ஆடிப் பெருக்கின்போது கரை நிரம்பிப் போகும் தண்ணீரில் நாலு பாக்கெட் ஷாம்பு ஒரு பொருட்டில்லை. மேட்டூர் அணை திறக்காத மாதங்களில் மணலுக்கு நடுவே ஓடை மாதிரி ஒதுங்கி நிற்கும் தண்ணீரில் கணக்கு மாறும்.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரில் டிரைக்ளோசான் இருப்பதைக் காட்டினார்கள். சோப்பிலும் பற்பசையிலும் சேர்க்கப்பட்டுவந்த கிருமிக்கொல்லி அது, பைரிதியோன் இல்லை. ஆனால் குளியலறையில் கொட்டுவது ஆற்றில் போய் நிற்கிறது என்பதற்கு அந்த ஆய்வு போதுமான சாட்சி. மனிதக் கழிவு தண்ணீரில் கலக்கக் கூடாது என்று சூழல் கழிப்பறை கட்டி, பயன்படுத்துவோருக்குக் காசும் கொடுத்துப் பார்த்த ஊர் முசிறி. அந்த ஊருக்குச் சாக்கடை நீரைப் பற்றி வெளியிலிருந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. பொடுகு ஷாம்புவை வீட்டில் வைத்துக்கொண்டு, ஆற்றுக்குப் போகும்போது சீயக்காயோ அரப்போ எடுத்துப் போவது பெரிய தியாகம் ஆகிவிடாது.

60 மில்லி விலக்கு

இனி அந்த விதி. 2020-ம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, என்னென்ன சேர்க்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் லேபிளில் இருக்க வேண்டும். ஆனால் திரவமாக இருந்தால் 60 மில்லிக்கும், திட, அரைத்திடப் பொருளாக இருந்தால் 30 கிராமுக்கும் குறைவான பொட்டலத்துக்கு அது தேவையில்லை என்று விலக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. பழைய 1945 விதிகளிலும் இதே விலக்கு இருந்தது. ஷாம்பு பாக்கெட் பத்து மில்லியைக்கூடத் தொடாது. ஆக, பாட்டில் வாங்குகிறவர் என்ன தேய்க்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம், ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்க்கு வாங்குகிறவருக்கு அந்த உரிமை இல்லை. சில நிறுவனங்கள் தாங்களாகவே பட்டியலை அச்சிடுகின்றன. கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், ஆங்கிலத்தில்.

இந்தப் பாக்கெட் யாருடைய ஊர்ச் சரக்கு என்பதையும் நினைக்க வேண்டும். கடலூரின் சின்னி கிருஷ்ணனைத்தான் ஷாம்பு பாக்கெட்டின் முன்னோடி என்று சொல்வார்கள். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். அது பின்னாளில் கெவின்கேர் ஆனது. பாட்டில் வாங்க முடியாத கூலித் தொழிலாளியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஷாம்பு போட முடிந்தது இந்தக் கண்டுபிடிப்பால்தான். தமிழ்நாட்டில் பிறந்த நல்ல யோசனைகளில் ஒன்று. அந்த வாடிக்கையாளரையே லேபிள் விதி இன்றுவரை கணக்கில் எடுக்கவில்லை. பாக்கெட்டை ஏதோ மாதிரிச் சரக்கு போல நடத்துகிறது. பல வீடுகளில் வருஷம் முழுக்கப் பாக்கெட்தான் ஷாம்பு.

அச்சிட இடம் இல்லை என்பது எடுபடாத வாதம். பத்து மாத்திரை கொண்ட அட்டையின் பின்புறத்தில் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் வருகின்றன. முழுப் பட்டியலையும் திணிக்க முடியாவிட்டால், பூஞ்சைக்கொல்லி சேர்த்த பாக்கெட்டுகளுக்கு மட்டுமாவது அந்தப் பொருளின் பெயரையும் சதவீதத்தையும் கட்டாயமாக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் விதியில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டால் போதும். பாக்கெட்டின் பின்னால் வர வேண்டியது தமிழில் இரண்டே வரி: "ஜிங்க் பைரிதியோன் 1%. மூன்று நிமிடம் கழித்து அலசவும், கண்ணிலும் வாயிலும் படாமல் பார்த்துக்கொள்ளவும்."