கயிறு யார் கையில்?

கணினித் துறையின் இன்றைய கலைச்சொற்கள் பலவும் கடலிலிருந்து வந்தவை. கூகுள் 2014இல் வெளியிட்ட குபர்நெட்டீஸ் என்பது, சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அதற்கு ஓராண்டு முன்பு வந்த டாக்கர் என்பதற்குத் துறைமுகத் தொழிலாளி என்று பொருள். அதன் சின்னம், முதுகில் பெட்டகங்களைச் சுமக்கும் திமிங்கிலம். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தைக் கண்டவருக்கு இவற்றை விளக்க அதிகம் பாடுபட வேண்டாம். பெட்டகத்தினுள் பஞ்சோ இயந்திரமோ, எது இருந்தாலும் பாரந்தூக்கிக்குக் கவலையில்லை. புற அளவு ஒன்றே. மென்பொருளையும் அவ்வாறே கொள்கலன்களில் அடைத்துப் பல கணினிகளில் பிரித்து ஏற்றி, ஒன்று பழுதானால் இன்னொன்றை அவ்விடத்தில் வைப்பதே குபர்நெட்டீஸின் வேலை.

நிரல் எழுதப்படுவது வேறிடம். கிட்ஹப், கிட்லேப் போன்ற களஞ்சியங்களில் அது சேர்கிறது. அங்கே ஒரு திருத்தம் நிகழ்ந்தால் அது கணினித் தொகுதிக்கு எப்படிப் போய்ச் சேர்வது? வழிகள் இரண்டு. தொகுதியின் சாவியைக் களஞ்சியத்திடம் ஒப்படைத்துவிட்டால், அதுவே உள்ளே வந்து மாற்றிவிட்டுப் போகும். அல்லது தொகுதிக்குள்ளேயே ஒரு முகவரை அமர்த்தலாம். அந்த முகவர் அவ்வப்போது களஞ்சியத்தைப் பார்த்து, அங்கே எழுதியிருப்பதும் இங்கே ஓடுவதும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்து, வேறுபாட்டைத் தானே நீக்குவார். ஃப்ளக்ஸ், ஆர்கோ சிடி ஆகியவை இவ்வகையின.

முதல் வழி எளிது. ஆயினும் இரண்டாவதே முறையானது என்பது என் கருத்து. முத்துக்குளித்துறையின் பழைய வழக்கம் ஒன்றை இங்கே நினைத்துக்கொள்ளலாம். குளிப்பவர் கல்லின் பாரத்தில் கடலடிக்கு இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அவர் குளிப்பவருடைய மைத்துனராக இருப்பார் என்று சொல்வதுண்டு. உடன்பிறந்தாள் தாலியை நினைத்தாவது கயிற்றை நழுவவிடமாட்டார் அல்லவா? அத்தனை நம்பிக்கைக்குரியவர்கூட, எப்போது தூக்குவது என்பதைத் தாமாகத் தீர்மானிப்பதில்லை. கீழிருப்பவர் கயிற்றை அசைத்தால்தான் தூக்குவார். மூச்சின் அளவை அறிந்தவர் நீருக்குள் இருப்பவரே.

நம்பிக்கை வேறு, அதிகாரம் வேறு என்பதே இதில் அடங்கிய அறிவு. வெளியாரிடம் சாவிகளைக் குவிப்பதன் விலையை 2023 ஜனவரியில் பலர் உணர்ந்தார்கள். நிரலைச் சோதித்து அனுப்பித்தரும் சர்க்கிள்சிஐ நிறுவனத்தில் ஊடுருவல் நிகழ்ந்தது. தன்னிடம் வைத்திருந்த எல்லா மறைசாவிகளையும் மாற்றிவிடுமாறு அந்நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பூட்டியவர்கள் தவறேதும் செய்யவில்லை. சாவி இருந்த இடம்தான் தவறு. கிட்லேப் நிறுவனமும், சான்றிதழைக் கொடுத்துத் தொகுதியை இணைக்கும் தன் பழைய முறையைக் கைவிடப்போவதாக 2021 நவம்பரில் அறிவித்து, முகவர் முறையைப் பரிந்துரைத்தது. அதில் இணைப்பைத் தொடங்குவது தொகுதியே. வெளியிலிருந்து வருவோருக்கென ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டியதில்லை.

முகவரை அமர்த்திவிட்டால் எல்லாம் நலம் என்றும் சொல்வதற்கில்லை. களஞ்சியத்தில் தீய நிரல் புகுந்தால் அதையும் முகவர் விசுவாசமாக இழுத்து வருவார். ஆகவே அங்கே சேரும் ஒவ்வொரு வரியையும் இரண்டாவது ஒருவர் படித்து ஒப்ப வேண்டும். முகவரைப் புதுப்பித்துப் பராமரிப்பதும் ஒரு வேலைதான். இரண்டே கணினி வைத்திருக்கும் சிறு குழுவுக்கு அது வீண்சுமையாகத் தோன்றலாம். ஆனால் பொதுமக்களின் ஆவணங்களையோ, தமிழ் நூல்களின் மின்பதிப்புகளையோ காக்கும் நிறுவனங்கள் இச்சுமையைத் தவிர்ப்பது நல்லதல்ல. அங்கே இழப்பு ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை.

தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. கயிற்றை அசைக்கும் உரிமை நீருக்குள் இருப்பவருக்கே என்ற அதன் நியதியை, கணினித் தொகுதிகளை அமைப்போர் இன்று எடுத்துக்கொள்ளலாம்.