தொட்டி புதிது, தெரு பழையது!

புதுமை, புதுமை என்று முழங்குகிறார்கள் ஆட்சி அலுவலகங்களிலே! கணினியில் வரி ரசீது, கைப்பேசியில் குறைதீர்க்கும் செயலி. வேண்டாமென்போமா? வேண்டும், வேண்டும்! ஆனால், கருவி வந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று கருதுகிறார்களே, அந்தக் கருத்தைத்தான் கண்டிக்கிறோம்.

புதுக்கோட்டையைப் பாரீர்! 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் பிறந்தது. மாவட்ட ஆட்சித் தலைவர் ஷீலாராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். ஏறிய பெண்ணைத் தெருவிலே ஏளனம் செய்தனர் ஆடவர் சிலர். எனினும் இலட்சத்துக்கு மேற்பட்ட நாட்டுப்புறப் பெண்கள் ஏறினர்! பெண்களுக்கான வண்டி போதாமற்போகவே ஆண்கள் வண்டியை வாங்கினர். முன்கம்பியில் பிள்ளையை அமர்த்தலாமே என்று அதையே விரும்பியோரும் உண்டு. பின்னால் தண்ணீர்க்குடம்! சைக்கிள் என்ன, அன்று கண்டுபிடித்த கருவியா? இரும்பு பழையது, ஏறியவள் புதியவள்.

அதே காலத்தில், கல்லுடைத்துக் கூலிபெற்ற, கொத்தடிமைகளாகவும் உழன்ற பெண்களின் குழுக்களுக்குக் கல்குவாரிகள் குத்தகைக்குத் தரப்பட்டன. ஒப்பந்தக்காரர் குமுறினர். குமுறத்தானே செய்வர்! ஏட்டைக் கொடுத்தால் பொறுப்பார்கள், பாறையைக் கொடுத்தால் பொறுப்பார்களா?

அதே மாவட்டந்தான் வேங்கைவயலும். ஆதிதிராவிடர் குடியிருப்புக்கெனத் தனியே மேல்நிலைத் தொட்டி, தனியே குழாய். பொறியியற் கணக்கில் பிழையில்லை. 2022 டிசம்பரில் பிள்ளைகள் நோயுற்றனர். ஏறிப் பார்த்தால், குடிநீரிலே மலம்! விசாரிக்கச் சென்ற ஆட்சித் தலைவரின் முன்னே தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை வெளிப்பட்டது. கோயிலுக்குள் அம்மக்கள் விடப்படாததும் வெளிப்பட்டது. எந்த வரைபடத்தில், எந்தச் செலவு மதிப்பீட்டில் இவை இருந்தன?

பின்னர் மரபணுச் சோதனையும் வந்தது. 2025 சனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீது குற்றப்பத்திரிகை. அதனை அம்மக்கள் ஏற்கவில்லை. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். இரட்டைக் குவளையைக் காண எந்தச் சோதனைச் சாலை வேண்டும்? கண் போதுமே!

நல்லவர் ஒருவர் ஆட்சித் தலைவராக வந்தால் கதவு திறக்கும், அவர் மாற்றலாகிப் போனால் மூடிக்கொள்ளும் என்றால், 1994ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் எதற்கு? கிராம சபை எதற்கு? குழாய்க்குப் பணம் ஒதுக்கும் தீர்மானத்திலேயே, அந்தத் தண்ணீரை யாரோடு யார் பகிர்ந்து குடிப்பது என்பதும் எழுதப்படவேண்டாமா?

வேங்கைவயல் மக்கள் கேட்டது தனித் தொட்டியன்று, எல்லோருக்குமான பொதுத் தொட்டி. சிக்கனம் பேசும் அதிகாரிகளே, இரண்டு கட்டுவதைவிட ஒன்று கட்டச் சிமெண்டும் குறைவாகத்தானே ஆகும்?