எழுதி அனுப்பும் உழைப்புக்கும் உரிமை வேண்டும்: ஆய்வாளர்களின் கோரிக்கைச் சாசனம்

பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும், ஆட்சிமன்றக் குழு உறுப்பினர்களுக்கும், எங்கள் நெறியாளர்களுக்கும், ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும், உயர்கல்வித் துறைக்கும்:

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகத் துறைகளிலும், அரசு, உதவிபெறும், சுயநிதிக் கல்லூரிகளிலும் முனைவர் பட்டத்துக்காக உழைக்கும் முழுநேர, பகுதிநேர ஆய்வாளர்கள் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். ஆய்வை முடித்த பிறகு அது ஓர் ஆய்விதழின் வாசலைச் சேரும் வரை நடக்கும் வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அட்டவணைகளைத் திருத்துகிறோம். இதழ் கேட்கும் தெளிவில் படங்களை மறுபடி வரைகிறோம். புள்ளியும் காற்புள்ளியும் பார்த்து மேற்கோள் பட்டியலை அடுக்குகிறோம். ஆசிரியருக்கு முகப்புக் கடிதம் எழுதி, இணை ஆசிரியர்கள் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்குகிறோம். மாதக்கணக்கில் இழுக்கும் இந்த வேலை எந்த முன்னேற்ற அறிக்கையிலும் ஏறுவதில்லை. “டேட்டாதான் முடிஞ்சிருச்சே, ஆர்ட்டிகிளைப் போட்டுவிட வேண்டியதுதானே?” என்ற கேள்வியோடு துறையில் பேச்சு முடிந்துவிடுகிறது.

எழுதுவதும் ஆய்வுதான். அதற்குப் பயிற்சி வேண்டும், காலம் வேண்டும், பணம் வேண்டும், உரிய பெயர் வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

எழுதக் கற்றுக்கொடுங்கள்

ஆய்வு, வெளியீட்டு அறநெறி என்ற 30 மணி நேரத் தாளை 2019 இறுதியில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) எல்லா ஆய்வாளர்களுக்கும் கட்டாயமாக்கியது. நல்ல முடிவு. ஆனால் பல இடங்களில் அது ஸ்லைடுகளைப் படித்துக் காட்டித் தேர்வு வைப்பதோடு முடிகிறது. ஒரு வரைவை எடுத்து, அறிமுகம் எங்கே தொடங்க வேண்டும், முறையியலில் எதை விட்டால் இன்னொருவர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாமல் போகும், முடிவுகளையும் விவாதத்தையும் ஏன் கலக்கக் கூடாது என்று வரிவரியாக உட்கார்ந்து பார்ப்பவர்கள் குறைவு. அந்த 30 மணி நேரத்தில் பாதியாவது, மாணவர் தம் சொந்தத் தரவை வைத்து ஒரு கட்டுரையை உருவாக்கும் பயிலரங்காக நடக்க வேண்டும். மதிப்பாய்வாளரின் குறிப்புக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. பெர்னூலி எண்களைப் பற்றிய இராமானுஜனின் முதல் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் 1911இல் வெளிவந்தது. அப்போது அவருக்குப் பட்டமும் கிடையாது, நிலையான வேலையும் கிடையாது. அவர் எழுதிய முறை மிகச் சுருக்கமாக, பழகாத வாசகரால் பின்தொடர முடியாதபடி இருந்தது. இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் அதைக் குப்பையில் போட்டுவிடவில்லை. திருப்பி அனுப்பி, திருத்தி எழுதவைத்து, மறுபடி பார்த்து, அச்சுக்குத் தகுந்ததாக்கி வெளியிட்டார். ஓர் ஆசிரியரின் பொறுமை இல்லையென்றால் அந்தக் கணிதம் நோட்டுப்புத்தகத்திலேயே இன்னும் சில காலம் கிடந்திருக்கும். எங்களில் இராமானுஜன் யாரும் இல்லாமல் இருக்கலாம். அந்தப் பொறுமை எங்களுக்கும் உரியது.

உழைத்தவர் பெயர் மட்டும் கட்டுரையில் இருக்கட்டும்

இந்தச் சாசனத்தில் எங்களுக்கு மிகவும் வலிக்கும் பகுதி இதுதான்.

மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்கள் 1978இல் வான்கூவரில் கூடித் தொடங்கிய குழு, கட்டுரையின் ஆசிரியர் என்று ஒருவரைச் சொல்ல நான்கு நிபந்தனைகளை வகுத்திருக்கிறது. ஆய்வின் திட்டத்திலோ, தரவைத் திரட்டுவதிலோ, அலசுவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். வரைவை எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தை ஆராய்ந்து திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையைப் பற்றி எழும் கேள்விகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று இருந்தால் போதாது.

எங்கள் அனுபவம் வேறு. துறைத்தலைவர் என்பதால் ஒரு பெயர், ஆய்வகக் கருவியைப் பயன்படுத்த அனுமதித்ததால் ஒரு பெயர், பதவி உயர்வுக்குக் கட்டுரை குறைகிறது என்பதால் முகமே தெரியாத ஒருவர் பெயர். இரண்டாண்டு வயல்வெளியில் அலைந்து தரவு சேர்த்தவர் மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்படுகிறார். “சாரிடம் எப்படிக் கேட்பது?” என்று வாய் மூடிவிடுகிறோம். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடப்போவதும் அவர்தானே.

ஆகவே கேட்கிறோம்: ஆய்வுத் தலைப்பு உறுதியாகும்போதே யார் யார் ஆசிரியர்கள், எந்த வரிசையில், யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்று எழுத்தில் பதிவு செய்யுங்கள். பங்களிப்பு மாறினால் அந்தப் பதிவையும் மாற்றலாம். யார் எதைச் செய்தார் என்பதை 14 வகையாகப் பிரித்துச் சொல்லும் கிரெடிட் வகைப்பாட்டைப் பல பன்னாட்டு இதழ்கள் ஏற்கெனவே கேட்கின்றன. நம் பல்கலைக்கழகங்களும் அதைக் கேட்கட்டும். கருவியைத் தந்தவருக்கும் ஊக்கம் தந்தவருக்கும் நன்றியுரையில் மரியாதையான இடம் இருக்கிறது. முறைகேடு நடந்தால் புகார் தரத் துறைக்கு வெளியே ஒரு குழு வேண்டும், அதில் ஆய்வாளர் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும். புகார் கொடுத்தவருக்கு, அவர் விரும்பினால், நெறியாளரை மாற்றிக்கொள்ளும் உரிமையும் வேண்டும்.

நெறியாளர்களிடம் இன்னொன்று. வரைவை உங்கள் மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். பல சமயம் அடுத்த பருவம் வந்துவிடுகிறது. ஒரு வரைவைப் பெற்ற 30 நாட்களுக்குள் எழுத்தில் கருத்துச் சொல்வது நெறியாளரின் கடமை என்று விதியில் சேர்க்கக் கோருகிறோம். எட்டு ஆய்வாளர்களை ஒருவரே வழிநடத்தும்போது இது சுமை என்பது எங்களுக்கும் தெரியும். அந்தச் சுமையைக் குறைத்துத் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை.

எங்கள் பெயரை எங்கள் பெயராகவே ஏற்றுக்கொள்ளுங்கள்

இதழ்களின் இணையப் படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கின்றன. நம்மிடம் இருப்பது முன்னெழுத்து. ஒற்றை எழுத்தைப் பல படிவங்கள் ஏற்பதில்லை. அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் நிரப்பினால், உலகம் முழுக்க அப்பா பெயரிலேயே நம்மை மேற்கோள் காட்டுகிறார்கள். திருமணத்துக்குப் பின் முன்னெழுத்து மாறிய பெண்ணின் கட்டுரைகள் தரவுத்தளத்தில் இரண்டு மூன்று ஆட்களின் கட்டுரைகளாகச் சிதறிப்போகின்றன. பணி நேர்காணலில் அவர் பிரமாணப் பத்திரத்தோடு நிற்கிறார்.

முனைவர் பட்டப் பதிவின்போதே ஒவ்வோர் ஆய்வாளருக்கும், பெயர் எப்படி மாறினாலும் மாறாத ஆர்சிட் அடையாள எண்ணைப் பெற்றுக்கொடுங்கள். 2012 முதல் அது இலவசமாகக் கிடைக்கிறது. அந்த எண்ணே போதிய அடையாளம் என்று தேர்வுக் குழுக்கள் ஏற்க வேண்டும். இதழ்கள் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் கட்டாயமற்றதாக்க வேண்டும்.

நடுவழியில் விதியை மாற்றாதீர்கள்

2018 மே மாதம் யுஜிசி தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அவற்றில் பல நீக்கத்தக்கவையே. பிறகு அதன் இடத்தில் ‘கேர்’ என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இதழின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டார்கள். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற நிபந்தனையை 2022 நவம்பரில் வந்த விதிகள் எடுத்துவிட்டன. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தம் விதிகளில் அதை வைத்திருக்கின்றன. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் தெரிவு செய்யும்போது கட்டுரை ஒன்றுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10 என்ற கணக்கும் தொடர்கிறது. கட்டுரை இல்லாமல் வெளியே போக முடியாது. எந்தக் கட்டுரை செல்லும் என்றும் தெரியாது. இந்த இடைவெளியில்தான் காசுக்கு அச்சிடும் போலி இதழ்கள் வாட்ஸ்அப்பில் வலை விரிக்கின்றன.

எந்த இதழ்களை, எந்த அளவுகோலில் ஏற்பீர்கள் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் ஜனவரியில் எழுத்தில் வெளியிட வேண்டும். கட்டுரையை அனுப்பிய நாளில் ஏற்கப்பட்டிருந்த இதழ், வெளிவந்த நாளில் பட்டியலில் இல்லாவிட்டாலும் அந்தக் கட்டுரை செல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்பது அறம். அதை மதித்து ஓராண்டு காத்திருப்பவரைக் காத்திருந்ததற்காகவே தண்டிக்கக் கூடாது.

ஒப்புமை அறிக்கையை மனிதர் படிக்கட்டும்

2018ஆம் ஆண்டின் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். உரிய சான்றோடு தந்த மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. நடைமுறையில் மென்பொருள் தரும் ஒற்றை எண்ணைப் பார்த்தே அலுவலகம் முடிவெடுக்கிறது. சங்கப் பாடலையும் உரையையும் மேற்கோள் காட்டாமல் தமிழ் இலக்கிய ஆய்வை எப்படி எழுதுவது? எண்ணைக் குறைக்க மூலத்தின் சொல்லை மாற்றி எழுதும் நிலைக்கு ஆய்வாளரைத் தள்ளுவது புலமைக்கே கேடு. துறை அறிந்த ஒருவர் அறிக்கையைப் படித்துக் கையெழுத்திட்ட பின்னரே முடிவு சொல்ல வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் எழுத்து வடிவில் விதி தேவை. அவற்றை ஆசிரியராகப் போட முடியாது, பயன்படுத்தினால் சொல்ல வேண்டும் என்று பெரிய இதழ்கள் அறிவித்துவிட்டன. ஆங்கிலத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொன்னவரைக் குற்றவாளியாக்காதீர்கள்.

தமிழில் எழுதுபவருக்கும் தரமான இதழ் வேண்டும்

மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902இல் ‘செந்தமிழ்’ இதழைத் தொடங்கியது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழில்’ 1925இல் வந்தது. இத்தனை நீண்ட மரபுள்ள மொழியில் இன்று கட்டுரை அனுப்பப் பொதுவான நடைக் கையேடு இல்லை. பழைய பதிப்புக்கு எந்த ஆண்டைப் போடுவது, உரையாசிரியரை எங்கே குறிப்பது, சுவடிக்கு நூலக எண்ணை எப்படித் தருவது, வாய்மொழி வழக்காறு சொன்ன தகவலாளியை எப்படிப் பதிவது என்று இதழுக்கு இதழ் வேறுபடுகிறது. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்த பின்னும், சில இதழ்கள் பழைய எழுத்துருவில் அனுப்பச் சொல்கின்றன. மாற்றும்போது கொம்பும் காலும் பிய்ந்துபோகின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் இணைந்து ஒரு நடைக் கையேடு கொண்டுவர வேண்டும். தமிழ் ஆய்விதழ்கள் யூனிகோடில் மட்டுமே வாங்க வேண்டும், மெய்யான மதிப்பாய்வு செய்ய வேண்டும், பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் வசூலிப்பதை நிறுத்த வேண்டும்.

படிக்கவும் வெளியிடவும் பணம் தடையாகக் கூடாது

ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாயில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 2025 முதல் அரசு நிறுவனங்களுக்குத் திறந்திருக்கிறது. வரவேற்கிறோம். சுயநிதிக் கல்லூரியில் பதிவு செய்தவர் என்ன செய்வார்? பதிவு அரசுப் பல்கலைக்கழகத்தில்தானே இருக்கிறது. அந்த அணுகல் அவருக்கும் வேண்டும்.

‘நேச்சர்’ இதழ் 2021இல் திறந்த அணுகல் வெளியீட்டுக்கு 9,500 யூரோ கட்டணம் வைத்தது. இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) பெறுபவருக்கு ஓராண்டுக்குக் கிடைப்பது 4,44,000 ரூபாய்; அந்த ஒரு கட்டணத்தில் பாதி அளவுக்குத்தான் வரும். எங்களில் பெரும்பாலோருக்கு அந்த உதவித்தொகையும் இல்லை. கட்டணம் வாங்கும் இதழில் வெளியிடும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. மொழித் திருத்தம், புள்ளியியல் ஆலோசனை, படம் வரைதல் மூன்றுக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இலவச உதவி மையம் வேண்டும்.

ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு

முதல் முறை அனுப்பும்போது எந்த வடிவில் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மேற்கோள் நடைக்கு மாற்றும் வேலையை, ஏற்ற பிறகு செய்யச் சொல்லுங்கள். பல இதழ்கள் இப்படிச் செய்கின்றன. இதழின் எல்லைக்குள் வராத கட்டுரையை இரண்டு வாரத்தில் திருப்பிவிடுங்கள், ஏன் என்று இரண்டு வரியாவது எழுதுங்கள். மதிப்பாய்வில் மூன்று மாதம் தாண்டினால் நிலவரம் சொல்லுங்கள்.

இந்தச் சாசனத்தை அடுத்த ஆட்சிமன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள். இதைப் படிக்கும் ஆய்வாளர் நண்பர்களே, உங்கள் துறையில் இதன் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.